கணவாய்க்கு எல்லாரும் கை தூக்கினார்கள்

ரோனா கில்ஃபெடர் எடுத்த முதல் படத்தில் ஒரு விதவை பஸ்ஸுக்காகக் காத்திருப்பாள். பஸ் வராது. அவ்வளவுதான் கதை. நியூசிலாந்தில் அவள் சொந்த ஊரான க்ளென்முரீயின் மண்டபத்தில் அதைப் போட்டுக் காட்டி விளக்கை எரியவிட்டபோது ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விதவையாக நடித்தது மண்டபக் கமிட்டித் தலைவி ஹெஸ்டர் மக்ரே. அவரே எழுந்து, "நானா இருந்தா டிப்போவுக்கு ஃபோன் போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார்.

இரண்டாவது படத்தில் ஓர் அண்ணனும் தங்கையும் செத்துப்போன அப்பாவின் ஆட்டுமந்தையைப் பங்கு பிரிப்பார்கள், ஒரு வார்த்தை பேசாமல். மூன்றாவது படத்தில் பேசுவதற்கு ஆளே கிடையாது. "மௌனத்தின் மகாராணி" என்று ஏதோ ஐரோப்பியப் பத்திரிகை எழுதியது. க்ளென்முரீயில் மௌனம் மழைமாதிரி, கேட்காமலே கொட்டும். அதைப் பிடித்து டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு விற்கலாம் என்று அதுவரை யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அந்த மூன்றாவது படத்துக்கு ஒரு விழாவில் கண்ணாடிப் பறவை பரிசாகக் கிடைத்தது. ரோனா அதை அப்பா டூகலுக்கு அனுப்பிவைத்தாள். எலி மூடியைத் தள்ளித் திறக்காமலிருக்க நாய் பிஸ்கட் டின்னின்மேல் அவர் அதைப் பாரமாக வைத்துக்கொண்டார். கனம் சரியாக இருக்கிறது என்று ஃபோனில் சொன்னார்.

அப்புறம்தான் அமெரிக்காவிலிருந்து கார்சன் வந்தான். ஸ்டூடியோக்காரன். பல் வரிசை அப்படி ஒரு வெள்ளை, நியூசிலாந்துப் பனிமலையெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது.

"உங்க படங்கள்ல மனுஷங்க அவ்வளவு உயிரோட இருக்காங்க ரோனா. ஒருத்தர் கப்பைக் கீழ வைக்கிறதுலயே எனக்கு அழுகை வந்துடுச்சு" என்றான்.

"நன்றி."

"அதனாலதான் இந்தக் கணவாய்ப் படத்தை நீங்கதான் பண்ணணும்னு முடிவு பண்ணினோம்."

கடலடியிலிருந்து கிளம்பி வந்து துறைமுகம் துறைமுகமாகத் தின்னும் ஒரு ராட்சதக் கணவாய் மீன். கதாநாயகன் இழுவைப்படகு ஓட்டுகிறவன். அவனுக்கு ஒரு மகள். ரோனா ஒத்துக்கொண்டாள். பத்து வருஷம் மௌனத்தை விற்றவளுக்கு வாடகை கட்ட வாய் திறக்கத்தானே வேண்டும்.

முதல் நாளே ஒரு இருட்டறையில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். சாம்பல் நிறப் பொம்மைகளாகக் கணவாய், பாலம், கப்பல், கூட்டம். ஒவ்வொரு சண்டையும், ஒவ்வொரு கோணமும் கம்ப்யூட்டரில் முன்பே போட்டு முடிந்திருந்தது. அவளை வேலைக்கு எடுப்பதற்கும் முன்பே.

"அப்ப நான் என்ன பண்ணணும்?"

"நடுவுல மனுஷங்க பேசற இடம் இருக்கே, அதை நீங்க பாத்துக்கணும்."

தேர் நிலைக்கு வந்து சேர்ந்தபிறகு வடம் பிடிக்கக் கூப்பிட்ட கதைதான். ஆக்லாந்தில் விமானக்கூடம் போன்ற ஒரு கொட்டகையில், கணவாய்க்குப் பதிலாக நீண்ட குச்சியில் செருகிய டென்னிஸ் பந்தைக் காட்டி, "இதைப் பாத்து நடுங்குங்க" என்று நடிகர்களிடம் சொல்வது அவள் இயக்கம். அவர்கள் நடுங்கினார்கள். "இன்னும் கொஞ்சம் நடுங்குங்க" என்றாள். சில நாள் பந்துகூட வேறொருவர் கையில் இருந்தது. அதற்குத் தனி யூனிட்.

ஆனால் ஒரு காட்சியை மட்டும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே நுழைத்திருந்தாள். கணவாய் அம்மாவைக் கொன்றபிறகு, அடக்கம் முடிந்த சாயங்காலம், அப்பனும் மகளும் சமையலறையில் தட்டுக் கழுவுகிறார்கள். மகள் கழுவுகிறாள், அப்பன் துடைக்கிறான். அடுக்கு தீரப்போகிற நேரத்தில் அப்பன் துடைத்த தட்டைத் திருப்பி நீட்டி, "இதுல இன்னும் ஒட்டியிருக்கு" என்கிறான். ஒன்றும் ஒட்டியிருக்காது. அவள் வாங்கி மறுபடி கழுவுகிறாள். மறுபடி நீட்டுகிறான். மறுபடி கழுவுகிறாள். கடைசித் தட்டை அலமாரியில் வைத்துவிட்டால் அந்த வீட்டில் அடுத்து என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியாது.

அவள் கற்பனையாக எழுதியதல்ல இது. நடந்தது. அம்மா எல்ஸ்பெத் போனபோது ரோனா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிற வழக்கம் க்ளென்முரீயில் கிடையாது. ஆளுக்கொரு தட்டு நிறைய ஏதாவது கொண்டுவந்து வைத்துவிட்டு, அழாமல், வானிலை பேசிவிட்டுப் போவார்கள். தட்டின் அடியில் பிளாஸ்திரி ஒட்டி அதில் பெயர் எழுதியிருக்கும், திரும்பப் போய்ச் சேர. அத்தனை தட்டையும் அன்றைக்கு அவளும் டூகலும்தான் கழுவினார்கள். பிளாஸ்திரி உரிந்துபோய் வீட்டிலேயே தங்கிவிட்ட ஒன்றிரண்டைத்தான் அவள் படத்திலும் வைத்தாள். அதைப்பற்றி இன்றுவரை இரண்டு பேரும் பேசியதில்லை. அப்பா வேண்டுமென்றே நீட்டினார் என்பது தனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியுமா என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

கலிஃபோர்னியாவில் சோதனைக் காட்சி போட்டார்கள். தட்டுக் கழுவும் காட்சி வந்ததும் பாதி அரங்கம் சோளப்பொரி வாங்கப் போனது.

"எடுத்துடலாம் ரோனா" என்றான் கார்சன்.

"அது போச்சுன்னா இந்தப் படத்துல என்னோடதுன்னு ஒண்ணுமே கிடையாது. பேரை எடுத்துட்டு டென்னிஸ் பந்து பேரைப் போட்டுக்கோங்க."

கார்சன் கெட்டவனில்லை. அதுதான் அவனிடம் இருந்த சிக்கல். ஒரு நாள் யோசித்துவிட்டு அவனே வழி சொன்னான். "உங்க சொந்த ஊர்லயே ஒரு காட்சி போடுவோம். கடைசில கை தூக்கச் சொல்றேன். உங்க ஊரு தூக்கினா காட்சி இருக்கும். நான் வாக்குக் குடுக்கறேன். ஸ்டூடியோகிட்ட நான் பேசிக்கறேன்."

சொந்த ஊரில் கைதட்டாமலா இருப்பார்கள் என்று அவன் நினைத்தான். அவன் அப்படி நினைத்ததில் தப்பில்லை. ரோனாவும் அப்படியே நினைத்தாள் பார், அதுதான் தப்பு. வெளியூரில் ரொம்ப நாள் இருந்தால் தன் ஊரே மறந்துபோகும்.

க்ளென்முரீ மண்டபத்தில் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம். படம் திருட்டுப்போகக் கூடாதென்று எல்லாருடைய ஃபோனையும் வாங்கி, ஆட்டுக்குட்டிக்குப் பால் வைக்கிற வாளியில் ஹெஸ்டர் போட்டுக்கொண்டார். கார்சனின் ஃபோனையும் சேர்த்து.

"மேடம், நான் தயாரிப்பாளர்" என்றான் கார்சன்.

"இருக்கட்டும். வாளில எடம் இருக்கு" என்றார் ஹெஸ்டர்.

டூகல் கடைசி வரிசையில், கதவோரம், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளின் படத்தை மண்டபத்தில் வந்து பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு மாடு சரியாக அந்த நேரம் பார்த்துக் கன்று போட்டுவிடும். அடுத்த நாற்காலியில் பக்கத்துப் பண்ணை நெவில் டோல். இருவருக்கும் நடுவே ஒரு வேலித் தகராறு. அதனால் பேச்சு வார்த்தை கிடையாது, ஆனாலும் இடையில் ஒரு காலி நாற்காலி விட முடியவில்லை. வேறு இடமில்லை.

கணவாய் வந்தது. பாலத்தை முறித்தது. ஊர் மரியாதையாகப் பார்த்தது. "பாவம், அந்தப் பாலம் புதுசு மாதிரி இருந்துச்சு" என்று யாரோ சொன்னது மட்டும் ரோனாவின் காதில் விழுந்தது. அப்புறம் தட்டுக் கழுவும் காட்சி வந்தது. மண்டபத்தில் இருமல்கூட நின்றுபோனது. நெவில் தன் பூட்ஸைப் பார்த்தான். முன்வரிசைப் பெண்கள் கைப்பையின் பூட்டைத் திறந்து மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று ரோனா நினைத்தாள்.

விளக்கு எரிந்ததும் கார்சன் மேடையேறினான்.

"முதல்ல கணவாய்ச் சண்டைகள். பிரமாதம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

மண்டபம் மொத்தமும் கை தூக்கியது. கடல் தாண்டி வந்தவன். அவன் மனது கோணலாமா. விருந்தாளி கடையில் வாங்கிவந்த கேக்கை அடடா என்றுதான் சாப்பிடவேண்டும்.

"அருமை. இப்ப அந்தத் தட்டுக் கழுவற காட்சி. பிரமாதம்னு நினைக்கிறவங்க?"

ஒரு கை எழவில்லை.

"நல்லா இருக்குன்னு?"

ஒரு கை பாதி எழுந்து, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

அப்போதுதான் ரோனாவுக்கு உறைத்தது. க்ளென்முரீயில் யாரையும் முகத்துக்கு நேரே புகழமாட்டார்கள். அதுவும் தங்கள் வீட்டுப் பிள்ளையை, நாலு பேர் முன்னால், அவள் அங்கேயே நிற்கும்போது. அது அவளை அம்மணமாக நிறுத்துகிற மாதிரி. போட்டியில் முதலாக வந்த செம்மறிக் கடாவைக்கூட "பரவால்ல" என்றுதான் சொல்வார்கள். கடாவுக்குத் தலைக்கனம் வந்துவிடுமாம்.

"சரி, அந்தக் காட்சியைப் பத்தி என்ன தோணிச்சு? மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்றான் கார்சன்.

முன்வரிசையில் ஒரு பெண் சொன்னாள். "அந்த நீலக் கரை போட்ட தட்டு என்னோடது."

"இல்லடி, அது என்னோடது. ஓரத்துல கீறல் இருந்துச்சு பாத்தல்ல?"

"உன்னோடது முட்டை வடிவம்."

"எல்ஸ்பெத் காரியத்துக்கு நான் அதுலதான் சீஸ் ரோல் கொண்டு போனேன். இத்தனை வருஷமா தேடிட்டிருக்கேன்."

தட்டுகளைப்பற்றி மண்டபம் முழுக்கப் பேச்சு பற்றிக்கொண்டது. கார்சன் மேடையிலிருந்து இறங்கி ரோனாவின் தோளில் கைவைத்தான். உண்மையாகவே வருத்தப்பட்டான்.

"பாத்தீங்கல்ல. காட்சியில என்ன நடக்குதுன்னே அவங்களுக்குப் புரியல. பாத்திரத்தைத்தான் பாத்திருக்காங்க."

"அவங்களுக்குப் பிடிச்சிருக்கு கார்சன்."

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

"தட்டைப் பத்திச் சண்டை போடறாங்களே."

அவன் அவளை நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அவன்மேல் இல்லை, ஊர்மேல். விறுவிறுவென்று மேடையேறினாள்.

"எல்லாரும் கேளுங்க. நீங்க கை தூக்கலன்னா இந்தக் காட்சியை வெட்டிடுவாங்க. இன்னைக்கே. படத்துல எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். பிடிச்சிருந்தா தயவுபண்ணிக் கை தூக்குங்க."

எல்லாரும் அவரவர் பூட்ஸில் ஏதோ எழுதியிருப்பதுபோலக் குனிந்து படித்தார்கள். ஊரில் ஒருத்தி மேடையேறிப் பாராட்டைப் பிச்சை கேட்டது இதுதான் முதல் தடவை. அவர்களுக்கே கூச்சமாக இருந்தது. அவளுக்குக் காது சுட்டது.

நெவில்தான் மெதுவாகக் கேட்டான். "நீ அங்கயே நிக்கும்போது நல்லா இருக்குன்னு சொல்லச் சொல்றியா?"

"ஆமா நெவில்."

"அது எப்படிம்மா சொல்றது. நீ வேணா கொஞ்சம் வெளிய போய் நில்லேன்."

"போய் நின்னா தூக்குவீங்களா?"

நெவில் யோசித்தான். "உன் அப்பாவும்தான் போகணும்" என்றான். "அப்புறமும் நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டுத்தானே இருப்போம், அது வேற கூச்சம்."

ரோனாவுக்கு அழுகை வந்தது. இவர்களை வைத்தா மூன்று படம் எடுத்தேன் என்றிருந்தது. கார்சன் கடிகாரத்தைப் பார்த்தான்.

அப்போது டீ பாய்லர் பக்கத்திலிருந்து ஹெஸ்டர் ஒரு பெரிய கரண்டியால் மேஜையைத் தட்டினார்.

"கை தூக்கறது, பிரமாதம்ங்கறது, இதெல்லாம் இந்த மண்டபத்துல வழக்கமில்ல. ஒரு விஷயம் முடிவாகணும்னா அதுக்கு முறை இருக்கு. தீர்மானம் கொண்டு வாங்க. முன்மொழியணும், வழிமொழியணும், ஆட்சேபனை இருக்கான்னு கேக்கணும். இல்லன்னா நிறைவேறிச்சு. தம்பி, ஊரு முடிவு பண்ணும்னு நீதானே சொன்னே?"

"ஆமா, ஆனா..." என்றான் கார்சன்.

"அப்ப உக்காரு. தீர்மானம்: தட்டுக் கழுவற காட்சி இருந்த இடத்துலயே இருக்கணும். யார் முன்மொழியறீங்க?"

ஊர் நிமிர்ந்து உட்கார்ந்தது. இது அவர்களுக்குப் பழகிய பாதை. கழிப்பறைக்குப் புதுக்கூரை, தீயணைப்பு வண்டிக்கு டயர், எல்லாம் இப்படித்தான் வந்தன. யாரையும் புகழவேண்டாம், யார் மனதையும் திறந்து காட்டவேண்டாம். ஆனாலும் முன்மொழிய ஓர் ஆள் வேண்டும். பெயரோடு எழுந்து நிற்கவேண்டும். ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. டூகல் எழுந்து நின்றார். தொப்பி கையில் இருந்தது.

"நான் முன்மொழியறேன்."

எல்லாத் தலையும் திரும்பியது. வேலித் தகராறு நாளிலிருந்து அந்த மண்டபத்தில் டூகல் கில்ஃபெடர் வாய் திறந்ததே இல்லை. ரோனா மேடைமேல் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"முன்மொழிஞ்சவர் அதைப்பத்தி ஏதாவது பேசணுமா?" என்று முறைப்படி கேட்டார் ஹெஸ்டர்.

டூகல் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "தட்டெல்லாம் சரியா இருக்கு" என்றார். கொஞ்சம் யோசித்து, "அந்த ஆளு நீட்டறதும் சரியா இருக்கு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷமும் தெரிந்திருந்தது. ரோனா மேடைத் திரையைப் பிடித்துக்கொண்டாள்.

"வழிமொழியறது?"

அப்புறம் நெவில் எழுந்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நான் வழிமொழியறேன். ஆனா வேலி விஷயத்துல என் கருத்து மாறல. அதையும் பதிவு பண்ணிக்கோங்க."

"பண்ணியாச்சு. ஆட்சேபனை?"

கார்சன் கை தூக்கினான். "ஒரே ஒரு திருத்தம். அந்தக் காட்சியில ஜன்னலுக்கு வெளிய கணவாயோட ஒரு கை மட்டும் லேசா..."

"திருத்தம்னா முன்கூட்டியே எழுதிக் குடுத்திருக்கணும். அதோட நீ இந்த ஊர் இல்ல. ஓட்டு கிடையாது." ஹெஸ்டர் கரண்டியால் இன்னொரு தட்டுத் தட்டினார். "தீர்மானம் நிறைவேறியது. டீ ரெடி."

கார்சன் ரோனாவைப் பார்த்தான், ஹெஸ்டரைப் பார்த்தான், கரண்டியைப் பார்த்தான். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் காட்சியைக் கண்டுகொள்ளாத கூட்டம் இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு சாண்ட்விச் எடுக்கப் போவதையும் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா குடுத்த வாக்கு வாக்குதான்" என்றான். "என் ஃபோனைக் குடுக்கச் சொல்லுங்க, ஸ்டூடியோகிட்ட சொல்லணும்."

"சாப்ட்டுட்டுச் சொல்லு" என்று அவன் கையில் ஒரு சீஸ் ரோலைத் திணித்தார் ஹெஸ்டர்.

மேடையிலிருந்து இறங்கிய ரோனாவிடம் யாரும் படத்தைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்றார்கள். மெலிந்துவிட்டாய் என்றார்கள். நீலக் கரைத் தட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று இரண்டு பெண்கள் தனித்தனியாக வந்து காதோடு கேட்டார்கள். போகிறபோக்கில் ஒருவர் பின் ஒருவராக அவள் தட்டில் ஏதாவது வைத்துவிட்டுப் போனார்கள். தட்டு மலைபோலக் குவிந்தது. அவள் அத்தனையையும் தின்றாள்.

மண்டபத்தைப் பயன்படுத்தியவர்கள்தான் பாத்திரம் கழுவவேண்டும் என்பது விதி. கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. படக்காரர்கள்தான் பயன்படுத்தியவர்கள் என்று ஹெஸ்டர் தீர்ப்புச் சொன்னார். கார்சனுக்குத் துடைக்கிற துணி கொடுக்கப்பட்டது. இரண்டு கோப்பைக்குமேல் அவன் தாங்கவில்லை. "இவன் வீட்ல யாருமே இதைச் சொல்லித் தரலயா" என்று சொல்லி ஹெஸ்டர் அவனை ஃபோன் வாளியோடு வெளியே அனுப்பிவிட்டார்.

அவன் போட்டுவிட்டுப் போன துணியை டூகல் எடுத்துக்கொண்டார்.

ரோனா தொட்டியில் கழுவினாள். அவர் துடைத்தார். ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. காலையில் அவளுக்கு விமானம். அது அவருக்கும் தெரியும். கணவாய்ப் படத்தின் இரண்டாம் பாகம்பற்றிக்கூட அவளிடம் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"எப்படிப்பா இருந்துச்சு?" என்று கடைசியில் கேட்டேவிட்டாள்.

அவர் ஒரு கோப்பையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "கணவாயா? கொஞ்சம் நீளம்."

அவள் சிரித்தாள். கோப்பைகள் முடிந்தன. கரண்டிகள் முடிந்தன. கடைசித் தட்டை அலசி அவரிடம் கொடுத்துவிட்டுக் கையைத் துடைக்கத் திரும்பினாள்.

டூகல் அந்தத் தட்டைத் துடைத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை அவளிடம் நீட்டினார்.

"இதுல இன்னும் ஒட்டியிருக்கு."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டை வாங்கினாள். தொட்டியில் மறுபடி வெந்நீர் பிடிக்க ஆரம்பித்தாள், விளிம்புவரைக்கும்.